ரிசார்ட் கேம்ப்பா, ரிட்டயர்டு சுபேதாரா, ஷிஃப்ட் முடிஞ்சு கால் மணி நேரமா?

ஓசூர் சிப்காட்லயும் சரி, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரிலயும் சரி, சூப்பர்வைசருங்களுக்கு ஆர்மி மாதிரி ட்ரெயினிங் குடுக்கணும்னு பேச்சு வந்தா பெரும்பாலும் மூணு வழி முன்னாடி வரும், மூணுக்கும் பலன் ஒரே மாதிரி இல்லங்க.

கேம்ப்னா ஏலகிரிக்கோ ஒகேனக்கலுக்கோ வண்டி வச்சு போயி கயிறு இழுத்து சேத்துல ஊர்ந்துட்டு வர்றது. பேசாத ரெண்டு டிபார்ட்மென்ட் பேச ஆரம்பிக்கும், அவ்ளோதான். பட்டாளத்துல ஒரு செக்ஷன்ல பத்து பேரு மாசக்கணக்கா ஒண்ணாவே சாப்பிட்டு தூங்கி ரோந்து போறதால வர்ற நம்பிக்கை ஒரு நாள்ல வராது.

ரிட்டயர்டு சுபேதார், அதாவது பட்டாளத்துல ஜவானுங்களுக்கும் ஆபீசருங்களுக்கும் நடுவுல இருந்தவரு, ஒருத்தர வேலைக்கு எடுக்கறது கேம்ப்ப விட மேல். ஆனா நெறைய எடத்துல அவர கேட்டுல செக்யூரிட்டியாவே நிக்க வச்சுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். அவருகிட்ட கத்துக்க வேண்டியது அதட்டல் இல்ல. படாகானான்னு பட்டாளத்துல ஒரு விருந்து உண்டு, அன்னைக்கு ஆபீசருங்களே ஜவானுங்களுக்கு பரிமாறுவாங்க. புதுசா வந்தவன தனியா விடாம ஒரு ஜோடி போட்டு விடுவாங்க, ஒடிசால இருந்து வந்து மொழி தெரியாம நிக்கற பையனுக்கு நம்ம லைன்ல அத செஞ்சாலே பாதி பேரு ஓடிப்போக மாட்டாங்க.

என் ஓட்டு மூணாவதுக்குத்தான், அதாவது ஷிஃப்ட் முடிஞ்சு கால் மணி நேரம் உக்காந்து பேசறதுக்கு. ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூன்னு அமெரிக்க ராணுவம் பயிற்சி முடிஞ்சதும் உக்காந்து பேசற முறை: என்ன நடக்கணும்னு நெனச்சோம், என்ன நடந்துச்சு, ஏன், அடுத்த தடவ என்ன மாத்தறது. பதவி பாக்காம எல்லாரும் பேசணும். சீசன்ல பெங்களூரா மாங்காய் லாரி வெளிய வரிசையா நிக்குது, நைட்டு ஸ்டீம் கொறஞ்சு லைன் நின்னுபோச்சுன்னா வழக்கமா காலைல "யாரு ட்யூட்டி?"ன்னு தான் மொத கேள்வி வரும், அதுலயே எல்லாரும் வாய மூடிக்குவாங்க, பாய்லர்காரருக்கு மட்டும் தெரிஞ்ச காரணம் அவரோடயே போயிடும். மேனேஜர் மொதல்ல தன் தப்ப சொல்லணும், அங்க சொன்னத இன்க்ரிமென்ட்ல காட்டக்கூடாது, காட்டுனா அடுத்த வாரம் ஒருத்தரும் பேச மாட்டாங்க.

மனஉறுதி கிளாஸும் இப்ப நெறைய விக்கறாங்க. 2009ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட சேந்து அமெரிக்க ராணுவம் இத ஆரம்பிச்சப்ப சார்ஜெண்டுங்களுக்கு சொல்லிக்குடுத்து அவங்க மூலமா ஜவானுங்களுக்கு கொண்டு போனாங்க. இங்கயும் எச்ஆர விட லைன் லீடருக்கு சொல்லிக்குடுங்க, அதுவும் டபுள் ஷிஃப்ட்ட நிறுத்துன பெறகு.

ஒண்ணுக்குத்தான் காசுன்னா இந்த சீசன் முழுக்க ரிவ்யூவ ஓட்டுங்க, கேம்ப்ப ஆடி முடிஞ்சு பாத்துக்கலாம்.