நார்த்தண்டு பொருத்திய பல்லோடு ஒன்பது ஆண்டுகள்

காரைக்காலில் பிறந்து, பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் சேந்-ஆந்த்ரே ஊரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் எனக்கு, 2016ஆம் ஆண்டு மேல்வரிசை இடப்பக்க இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லில் கண்ணாடி நார்த்தண்டு, அதாவது வேரினுள் செருகும் ஃபைபர் போஸ்ட், பொருத்தப்பட்டது. அந்தப் பல்லுக்கு முன்பே வேர்சிகிச்சை (ரூட் கெனால்) முடிந்திருந்தது. பழைய அடைப்பின் அடியில் சொத்தை பரவியதால் வெளிப்புறச் சுவர் மட்டுமே உயரமாக எஞ்சியிருக்க, மற்றப் பக்கங்களில் ஈறுக்கு மேல் 2 மில்லிமீட்டர் அளவுக்கே பல் மிச்சமிருந்தது.

வேர்சிகிச்சை செய்த பல் ஈரப்பசை வற்றி உளுத்த மரம்போல் ஆகிவிடும், உள்ளே கம்பி வைத்தால்தான் அதற்குப் பலம் வரும் என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன். அது சரியன்று. அந்தப் பல் எளிதில் உடைவதற்கு முதன்மையான காரணம், சொத்தையும் அதைத் தோண்டிய கருவியும் தின்றுபோன பகுதிதான். தண்டு வேருக்கு வலுவூட்டுவதில்லை. மேலே ரெசின் என்னும் இறுகும் பசைப்பொருளால் கட்டும் அடித்தளம் பிடித்து நிற்பதற்கு ஓர் ஆதாரத்தைத் தருகிறது, அவ்வளவே. சுவர்கள் போதிய அளவு எஞ்சியிருந்தால் தண்டே வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

அப்படியானால் பல்லைக் காப்பது எது என்று கேட்டபோது, அவர் காகிதத்தில் பல்லை வரைந்து, பல்லின் மேல் மாட்டும் தொப்பி போன்ற உறையின் விளிம்பு ஈறுக்கு மேலுள்ள அந்த 2 மில்லிமீட்டர் பல்லைச் சுற்றிலும் கவ்வுவதைக் காட்டினார். எனக்கு எங்கள் வீட்டு உலக்கையின் பூண் நினைவுக்கு வந்தது. குத்தக் குத்த மரம் பிளந்துவிடாமல் அந்த இரும்பு வளையம் இறுக்கிப் பிடிப்பதுபோல, கடிக்கும் விசை வேரைப் பிளந்துவிடாமல் உறையின் விளிம்பு தாங்குகிறது. சுற்றிலும் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் வரையாவது பல் இருந்தால்தான் இந்தப் பூண் பிடிக்கும்.

பொருத்தும் வேலை ஒரே அமர்வில் முடிந்தது. ரப்பர் விரிப்பால் பல்லைத் தனிமைப்படுத்தி, வேரினுள் அடைத்திருந்த கட்டாபெர்ச்சாவை நுனியில் 5 மில்லிமீட்டர் விட்டுவிட்டு மேலே எடுத்தார்கள். தண்டை வைத்துப் பார்த்து எக்ஸ்ரே எடுத்தபின், ரெசின் சிமென்ட் இட்டு ஒளி பாய்ச்சி இறுகச் செய்தார்கள். தீக்குச்சியைவிட மெல்லிய அந்த வெண்ணிறத் தண்டின் நுனியில் விளக்கின் நீல ஒளி கசிந்ததாக உடனிருந்த என் மனைவி சொன்னார். 1990ஐ ஒட்டிப் பிரான்சில் அறிமுகமான முதல் நார்த்தண்டுகள் கரிநாரால் ஆன கறுப்புத் தண்டுகள். பீங்கான் உறை வழியே அந்தக் கறுப்பு நிழலாடியதால்தான் பின்னர் கண்ணாடி நாரும் குவார்ட்ஸ் நாரும் வழக்கத்துக்கு வந்தன.

என் வாயில் ஒப்பிடுவதற்கும் ஒரு பல் இருந்தது. கீழ்வரிசை வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லில் 2009இல் இங்கே ‘இன்லே-கோர்’ என்று சொல்லப்படும் உலோக வார்ப்புத் தண்டை வைத்திருந்தார்கள். பத்தாண்டுகள் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி உழைத்த அந்தப் பல்லில், 2019இல் கடிக்கும்போது சுருக்கென்று வலி வந்து, ஈறில் பரு போன்ற ஒரு கட்டி தோன்றியது. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் மீள்மைக் குணகம், பல்லின் உட்பகுதியான டென்டீனுக்கு ஏறத்தாழ 18 ஜிகாபாஸ்கல் என்றால், நிக்கல்-குரோம் வார்ப்பினுடையது 200ஐ ஒட்டியது. தான் வளையாத அந்த உலோகம், கடி விசையை வேரின் சுவர் மீது ஆப்புபோல் இறக்கிவிடுகிறது. நார்த்தண்டின் குணகம் பெரும்பாலும் 20 முதல் 50க்குள் இருப்பதால், அது பல்லோடு சேர்ந்தே சற்று வளைந்துகொடுக்கிறது. ஒரே வாயில் உள்ள இரண்டு பற்களை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதும், கடைவாய்ப்பல் தாங்கும் விசை வேறு என்பதும் எனக்குத் தெரியும்.

நார்த்தண்டும் தோற்றது, ஆனால் தோற்ற விதம் வேறு. 2022இல் ஒரு காலை, காப்பியில் நனைத்த பகேத் ரொட்டியை மென்றுகொண்டிருந்தபோது, வலி எதுவும் இல்லாமல் உறை கையோடு வந்துவிட்டது. அதன் அடியில் ரெசின் அடித்தளமும், அதிலிருந்து நீண்ட தண்டும் முழுசாக இருந்தன. பற்று விட்டது சிமென்ட்டுக்கும் வேரின் சுவருக்கும் இடையில்தான், வேர் உடையவில்லை. வேரின் உட்கால்வாயைக் கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுச்செல்லும் ஆக்சிஜனும், வேரடைப்புப் பசையில் உள்ள யூஜினாலும் ரெசின் இறுகுவதைக் கெடுக்கக் கூடும் என்று மருத்துவர் விளக்கினார். முதல்முறை எது கெடுத்தது என்று இனிக் கண்டுபிடிக்க வழியில்லை. புதிய தண்டை ஒட்டி, அதன்மேல் பழைய உறையையே பொருத்திவிட்டார்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் வழக்கம் எனக்கு இருப்பதால், அன்று முதல் இரவில் காப்புத் தட்டு அணிகிறேன். பொருத்தமான காப்பீடு உள்ளவர்களுக்கு, 2020 முதல் பிரெஞ்சு அரசின் ‘நூறு விழுக்காடு நலம்’ திட்டத்தில் குறிப்பிட்ட வகை உறைகளும் இன்லே-கோரும் கைச்செலவில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் எதற்குச் செலவில்லையோ அதையே மருத்துவர் கேள்வியின்றி வைத்துவிடக் கூடாது என்பதால், எந்தத் தண்டு, ஏன் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

இவ்வாண்டு கரும்பு கடித்தபோது கீழ்வரிசையில் இன்னொரு முன்கடைவாய்ப்பல் ஈறு மட்டத்துக்கு ஒடிந்தது. நார்த்தண்டே போதும் என்று நானாகவே கேட்டேன். பூண் பிடிக்க இடமில்லை என்று சொல்லி மருத்துவர் மறுத்துவிட்டார். எலும்பைச் சீவி ஈறை இறக்கலாம், அல்லது கம்பியும் ரப்பரும் கொண்டு வேரைச் சில வாரங்களில் மெல்ல மேலே இழுக்கலாம் என்றார். முதல் வழியில் பக்கத்துப் பற்களின் எலும்பையும் சீவ வேண்டியிருக்கும் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வாரங்களில் வேர் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் எழும்பியிருக்கிறது. கரும்புச் சாறு மட்டும் குடிக்கிறேன்.