பாளையங்கோட்டையில் ஒரு ஃபண்ட் பாணி ஆய்வுச் சேவை

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர் ஒருவர், கமிஷன் எதுவும் இல்லாமல் கட்டணம் மட்டும் பெற்றுக்கொண்டு, நம்மிடமுள்ள பங்குசார் மியூச்சுவல் ஃபண்டுகள் பெயருக்கேற்றபடி நடக்கின்றனவா என்று ஆராய்ந்து அறிக்கை தருகிறார். ஓய்வுக்காலப் பணத்தை மூன்று நான்கு ஃபண்டுகளில் போட்டுவிட்டு, அபாயம் பிரிந்துவிட்டது என்று நம்பியிருக்கும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் நிறைந்த ஊரில் இது மிகவும் வேண்டிய சேவை.

பெயரைப் பார்த்தாலே வகை தெரியாதா என்று கேட்கலாம். 2017 அக்டோபரில் செபி வகுத்த விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ் கேப், 101 முதல் 250 வரை மிட் கேப், மற்றவை ஸ்மால் கேப். மிட் கேப் ஃபண்ட் தன் பணத்தில் 65 சதவீதத்தை மிட் கேப் பங்குகளில் வைத்தாக வேண்டும். மீதியின் போக்கைப் பெரும்பாலும் மேலாளரே தீர்மானிக்கிறார். ஃப்ளெக்ஸி கேப்பிலோ 65 சதவீதம் பங்குகளில் இருந்தால் போதும், அவை எந்த அளவு நிறுவனங்கள் என்ற வரையறையே கிடையாது.

இங்கே பின்பற்றப்படுவது அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் ஷார்ப் வகுத்து 1992இல் விரிவாக எழுதிய ‘பாணி ஆய்வு’ முறை. லார்ஜ், மிட், ஸ்மால் கேப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தை முறையே காட்டும் நிஃப்டி 100, நிஃப்டி மிட்கேப் 150, நிஃப்டி ஸ்மால்கேப் 250 ஆகிய குறியீடுகளை எந்த விகிதத்தில் கலந்தால் ஃபண்டின் மாதாந்திர வருவாய்க்கு மிக நெருக்கமாக வரும் என்று கணக்கிடுகிறார்கள். எந்த விகிதமும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது, கூட்டினால் 100 வர வேண்டும். விளம்பரம் சொல்வதை விட்டுவிட்டுப் பணம் நடந்துகொண்ட விதத்தை இது காட்டுகிறது. என் அறிக்கையில் ஃப்ளெக்ஸி கேப் ஃபண்டின் கலவை பெரும்பகுதி நிஃப்டி 100 ஆகவே வந்தது. லார்ஜ் கேப் ஃபண்ட் ஏற்கெனவே கையில் இருக்க, ஒரே பொருளை இரண்டு பெயர்களில் வைத்திருப்பது அப்போதுதான் தெளிவானது.

குறைகளும் உண்டு. கடந்த 36 மாதங்களை ஒரே தொகுப்பாக எடுப்பதால், இடையில் மேலாளரோ உத்தியோ மாறியிருந்தால் அது சராசரியில் மறைந்துவிடும். கேட்டபோது, “இது போன மூணு வருசத்துச் சராசரி, அண்ணாச்சி; இன்னைக்குள்ள நெலம வேறயா இருக்கலாம்” என்று ஒளிக்காமல் சொன்னார்; பிறகு ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பங்குப் பட்டியலை எடுத்து ஒப்பிட்டும் காட்டினார். அந்த ஒப்பீடு கேட்காமலேயே அறிக்கையில் இடம்பெற வேண்டும், ஏனெனில் ஒரு வேல்யூ ஃபண்ட் உண்மையில் மலிவான பங்குகளைத்தான் வைத்திருக்கிறதா என்பதை அளவுசார் குறியீடுகளால் மட்டும் அறிய முடியாது.

ஈவுத்தொகையைச் சேர்த்த குறியீடா, சேர்க்காததா என்பதையும் அறிக்கை குறிப்பிடவில்லை. சேர்க்காத குறியீட்டோடு ஒப்பிட்டால் மேலாளரின் திறமை உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். விளக்கம் தமிழில் வாய்வழியாகக் கிடைத்தாலும், வீட்டில் மற்றவர்கள் படித்துப் பார்க்க வழியில்லை.

பல நிறுவனங்களின் ஃபண்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை.