குளிர்காலப் பந்தயப் பட்டியலை நம்பி 450 பவுண்டு இழந்த கதை: பிரிட்டனில் வசிக்கும் தமிழர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆகஸ்ட் மாதம் முடிந்து கால்பந்துப் பருவம் சூடுபிடிக்கத் தொடங்கியதும், "இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பந்தயம் கட்டத் தவறக்கூடாத போட்டிகள்" என்ற வகையிலான பட்டியல்கள் பிரிட்டனில் இருப்பவர்களின் கைப்பேசித் திரையில் தாமாகவே வந்து நிற்கும். அப்படிப்பட்ட ஒரு பட்டியலை நம்பி, அது கைகாட்டிய பந்தயத் தளம் ஒன்றில் 2024 நவம்பருக்கும் டிசம்பருக்கும் இடையில் மூன்று தவணைகளாக 450 பவுண்டு கட்டினேன். வென்ற பணமும் வரவில்லை, போட்ட பணமும் திரும்பவில்லை. அந்தத் தளத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது இதற்குள் வேறு இரண்டு பெயர்களில் நடக்கிறது என்பதால், பெயரைவிட அதன் நடைமுறையைத் தெரிந்துகொள்வதே பயன்படும்.

கிழக்கு லண்டனில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். நான் சூதாட்டப் பழக்கம் உடையவன் அல்ல. சனிக்கிழமைகளில் காய்கறி வாங்கப் போகும்போது கடைத்தெருவில் இருக்கும் பந்தயக் கடையில் கால்பந்து ஆட்டத்தின்மீது ஐந்து பவுண்டு வைப்பேன், தோற்றால் அந்த வாரத்து டீக்காசு போயிற்று என்று விட்டுவிடுவேன். எனவே, பேராசை பிடித்துப் போய் விழுந்தவன் என்று என்னை நினைத்து, தங்களுக்கு இது நேராது என்று யாரும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

அந்தப் பட்டியல் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருந்தது. நவம்பரில் மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், மாத இறுதியில் யார்க் நகரில் தொடங்கும் பிரிட்டன் ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப், டிசம்பர் 26 அன்று கெம்ப்டன் பார்க்கில் கிங் ஜார்ஜ் ஓட்டம், அதே நாள் கால்பந்து ஆட்டங்கள், கிறிஸ்துமசை ஒட்டி அலெக்சாண்ட்ரா பேலஸில் உலக டார்ட்ஸ் போட்டி, பிப்ரவரியில் ஆறு நாடுகள் ரக்பியும் அமெரிக்காவின் சூப்பர் பவுலும் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் "இப்போதே கட்டுங்கள்" என்ற பச்சைப் பொத்தான் வைத்திருந்தார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே தளத்துக்குத்தான் போனது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இத்தகைய பட்டியல்களை எழுதுகிறவர்களில் பலர் அஃபிலியேட் எனப்படும் கமிஷன் முகவர்கள். அவர்கள் அனுப்பிவைக்கும் ஆள் தளத்தில் இழக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பங்கு வாங்குவது அந்தத் தொழிலில் வெளிப்படையான வழக்கம். நான் தோற்றால் சம்பாதிக்கிற ஒருவரிடம் எதில் பணம் கட்டலாம் என்று யோசனை கேட்டிருக்கிறேன்.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே கிடந்தது. மெல்போர்ன் கோப்பை நவம்பர் முதல் சனிக்கிழமை நடக்கும் என்று அந்தப் பட்டியல் சொன்னது. நானும் நவம்பர் 2 ஆம் தேதி சனிக்கிழமை தேடிப் பார்த்துவிட்டு, பிறகுதான் அது காலங்காலமாக நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை ஓடும் பந்தயம் என்பதையும், அதற்காக விக்டோரியா மாநிலத் தலைநகரில் அரசு விடுமுறையே விடுகிறார்கள் என்பதையும் அறிந்தேன். சனிக்கிழமை அதே ஃப்ளெமிங்டன் மைதானத்தில் ஓடுவது வேறு பந்தயம். ஆஸ்திரேலியா முழுவதும் அறிந்த ஒரு நாளைத் தவறாக எழுதுபவருக்கு, எந்தக் குதிரை நல்ல குதிரை என்று மட்டும் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி எனக்கு அப்போது எழவில்லை. லண்டன் நேரம் செவ்வாய் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஓட்டத்தைப் பார்த்துத் தோற்றுவிட்டு, பணிக்குப் போனேன்.

கிங் ஜார்ஜ் ஓட்டத்தில் நடந்தது ஏமாற்று அல்ல, அரைகுறை ஆலோசனையின் விளைவு. "இப்போதே கட்டினால் விலை அதிகம்" (விலை என்பது வென்றால் போட்ட பணத்துக்குக் கிடைக்கும் மடங்கு) என்று பட்டியல் சொன்னதை நம்பி, நவம்பரிலேயே ஒரு குதிரையின்மீது கட்டினேன். அந்தக் குதிரை ஓடவே இல்லை, பணமும் திரும்பவில்லை. பல வாரங்களுக்கு முன்னரே கட்டும் பந்தயத்தில் குதிரை ஓடாவிட்டாலும் பணம் போனது போனதுதான் என்பது உரிமம் பெற்ற நிறுவனங்களிலும் உள்ள பொதுவிதி. ஓடாவிட்டால் பணம் திரும்பும் என்று தனியாக அறிவித்திருந்தால் மட்டுமே அது திரும்பும். பனிக்காலத்தில் குதிரைப் பந்தயம் எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு இதே ஓட்டம் சான்று: 2010 டிசம்பரில் உறைபனியால் கைவிடப்பட்டு, 2011 ஜனவரியில்தான் நடத்தப்பட்டது. விலை அதிகமாக இருப்பதற்கு இந்த நிச்சயமின்மையே காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் காத்திருந்திருப்பேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் நடுவில் கடைசித் தவணையாக 150 பவுண்டு போட்டேன். கேட்காமலேயே இன்னொரு 150 பவுண்டு போனஸாகக் கணக்கில் ஏறியது. டார்ட்ஸ் போட்டியில் லூக் லிட்லர் பட்டம் வெல்வார் என்று 60 பவுண்டு கட்டினேன். இடையில் வேறு சில ஆட்டங்களிலும் கட்டினேன். 2025 ஜனவரி 3 அன்று இரவு, பதினேழு வயதேயான அந்தப் பையன் மைக்கேல் வான் கெர்வெனை ஏழுக்கு மூன்று என்ற கணக்கில் வென்று உலக சாம்பியன் ஆனபோது, என் கணக்கில் 612 பவுண்டு இருந்தது. முழுவதையும் எடுக்க அன்றிரவே விண்ணப்பித்தேன். மறுநாள் காலை, "உங்கள் கோரிக்கையை ரத்து செய்து தொடர்ந்து விளையாட விருப்பமா?" என்று ஒரு பொத்தான் வந்து நின்றது. எடுக்கக் கேட்ட பணத்தைத் திரும்ப ஆட்டத்துக்குள் இழுக்கும் இந்த வசதி, பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களுக்கு 2021 முதல் தடை செய்யப்பட்ட ஒன்று. எனக்கு அது தெரியாது. நல்லவேளையாக நான் அதை அழுத்தவில்லை.

பிறகு ஆவணங்கள் கேட்கத் தொடங்கினார்கள். முதலில் பாஸ்போர்ட். ஆறாம் நாள் மின்கட்டண ரசீது; அனுப்பியதும், அது மூன்று மாதத்துக்கு முந்தையது என்று திருப்பினார்கள். பதினோராம் நாள், தேதி எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி முகம் தெரிய ஒரு படம். அதில் தாளின் மூலை மறைந்திருக்கிறது என்று இன்னொரு படம். பத்தொன்பதாம் நாள், நான் பணம் கட்டியதைக் காட்டும் வங்கி அறிக்கை. அதை அனுப்பியபோது வந்த பதிலை நான் இன்னமும் வைத்திருக்கிறேன்: தங்கள் நிறுவனத்துக்குப் பணம் கட்டப்பட்டதாக அந்த அறிக்கையில் எந்தப் பதிவும் இல்லையாம். உண்மைதான், இல்லை. ஏனென்றால் என் கார்டிலிருந்து பணத்தை எடுத்தபோது அவர்கள் தங்கள் பெயரில் எடுக்கவில்லை. காலணி விற்பனை நிறுவனம் போன்ற ஒரு பெயரில் எடுத்திருந்தார்கள். தாங்களே மாற்றி வைத்த பெயரைக் காரணம் காட்டி, நான் பணமே கட்டவில்லை என்றார்கள்.

என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலேயே, "காசு போடேக்க ஒருத்தரும் பாஸ்போட் கேக்க மாட்டினம் தம்பி, எடுக்கேக்கதான் கேப்பினம்" என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னது சட்டப்படியே சரியான சோதனை என்பது பின்னர்தான் தெரிந்தது. 2019 மே மாதத்திலிருந்து, பிரிட்டனில் உரிமம் பெற்ற தளம் ஒவ்வொன்றும் வாடிக்கையாளரின் வயதையும் அடையாளத்தையும் அவர் முதல் பந்தயம் கட்டுவதற்கு முன்பே சரிபார்த்தாக வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய அடையாள ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாக்குவதும் கூடாது. பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் வாங்கிக்கொண்டு உடனே பணம் கட்ட விடும் தளத்தில் ஒரு பவுண்டுகூடப் போடாதீர்கள்.

இருபத்தாறாம் நாள் முடிவு வந்தது. போனஸ் நடப்பில் இருக்கும்போது ஒரு பந்தயத்துக்கு ஐந்து பவுண்டுக்கு மேல் கட்டக்கூடாது என்ற நிபந்தனையை நான் மீறிவிட்டதாகவும், எனவே 612 பவுண்டும் செல்லாது என்றும், நல்லெண்ணத்தின் அடையாளமாக 50 பவுண்டுக்கு இலவசப் பந்தயம் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். 60 பவுண்டு கட்டியபோது அதே தளம் மறுக்காமல் வாங்கிக்கொண்டதே என்று சாட்டில் கேட்டேன். நிபந்தனைகளைப் படித்து நடப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று பதில் வந்தது.

அதன் பிறகுதான் அந்த நிபந்தனைகளை முழுதாகப் படித்தேன். கட்டிய பணமும் போனஸும் சேர்ந்த தொகையை முப்பத்தைந்து மடங்கு, முப்பது நாளுக்குள் பந்தயத்தில் கட்டித் தீர்த்தால்தான் பணம் எடுக்கலாம். நான் போட்ட 150, போனஸ் 150, ஆக 300 பவுண்டு. அதன் முப்பத்தைந்து மடங்கு 10,500 பவுண்டு. ஒரு பந்தயத்துக்கு ஐந்து பவுண்டுதான் உச்சம் என்றால் 2,100 பந்தயங்கள், அதாவது ஒரு நாளைக்கு எழுபது. தூங்காமல் கொள்ளாமல் அதைச் செய்து முடித்தாலும் என்ன மிஞ்சும்? சமபலமுள்ள இருவர் மோதும் ஆட்டத்துக்கு நியாயமான விலை இரண்டு. பந்தயக்காரர்கள் இருபுறமும் 1.90 என்று போடுவார்கள். அந்த விலையில் கட்டும் ஒவ்வொரு நூறு பவுண்டிலும் சராசரியாக ஐந்து பவுண்டு அவர்களுக்குப் போகும். 10,500 பவுண்டுக்கு அது 525. கையில் இருப்பதோ 300. ஆக, நிபந்தனையைக் காப்பாற்றினால் கணக்கு காலியாகும், மீறினால் வென்றது செல்லாது. உரிமம் பெற்ற தளங்களில் இந்த மடங்கு பத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2026 ஜனவரி முதல் விதி வந்திருக்கிறது. நான் கட்டியதைப் போன்ற, பிரிட்டன் உரிமம் இல்லாத கடல்கடந்த தளங்களை அது கட்டுப்படுத்தாது.

புகார் கொடுக்கப் போன இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தயத் தகராறுகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் ஐபாஸ் என்ற அமைப்புக்கு எழுதினேன். அந்தத் தளம் தங்களிடம் பதிவு செய்யாத நிறுவனம் என்றார்கள். உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்திருந்தால், புகாருக்கு எட்டு வாரத்துக்குள் தீர்வு கிடைக்காத நிலையில் இத்தகைய அமைப்பிடம் போயிருக்கலாம். சூதாட்ட ஆணையம் தகவலை வாங்கிக்கொண்டது. தனிநபருக்குப் பணம் மீட்டுத் தருவது அவர்கள் வேலை அல்ல. வங்கி மூன்று வாரம் எடுத்துக்கொண்டு மறுத்தது. ஆனால் வங்கியில் பேசிய பெண்மணி ஒரு விஷயத்தை விளக்கினார்: சூதாட்டக் கட்டணங்களைத் தடுக்கும் வசதி வங்கிச் செயலியில் உண்டு என்றாலும், அது சூதாட்ட நிறுவனங்களுக்குரிய குறியீட்டைப் பார்த்துத்தான் தடுக்கும்; காலணிக் கடையாகப் பதிவு செய்துகொண்டு வருபவரை அது தடுக்காது. சூதாட்டத்தை விட நினைத்துத் தடையைப் போட்டுக்கொண்டவர்களையும் இந்தத் தளங்கள் இவ்வாறுதான் தாண்டி வந்து பிடிக்கின்றன. உரிமம் பெற்ற இணையச் சூதாட்டத் தளங்களிலிருந்து ஒருவர் தன்னைத் தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் என்ற பதிவேட்டில் பெயரைப் பதிந்தவர்களைக் குறிவைத்தே "கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம்" என்று விளம்பரமும் செய்கிறார்கள். நான் இழந்தது ஒரு மாத மளிகைச் செலவு. அவர்கள் நிலை அப்படி அல்ல.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது பந்தயம் கட்டியே தீருவேன் என்றால், தளத்தின் அடிப்பகுதியில் பிரிட்டன் சூதாட்ட ஆணையத்தின் உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நீங்களே தேடி, தளத்தின் முகவரியும் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நான் கட்டிய தளத்தில் இருந்தது, கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவின் சூதாட்ட உரிமச் சின்னம். ஏதோ அரசு முத்திரை என்று நினைத்துக் கடந்துபோனேன். கிரெடிட் கார்டையோ கிரிப்டோ நாணயத்தையோ ஏற்றுக்கொள்ளும் தளத்தைத் தொடவே வேண்டாம். இங்கே கிரெடிட் கார்டில் சூதாடுவது 2020 ஏப்ரல் முதல் தடை. போனஸ் வேண்டாம் என்று பணம் கட்டுவதற்கு முன்பே மறுத்துவிடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சியே தேவையில்லை: 2025 இல் வந்த மத்தியச் சட்டப்படி பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம் என்பதால், ஏமாந்தால் முறையிடுவதற்கு உரிமம் பெற்ற நிறுவனம் என்று ஒன்று அங்கே இல்லை.

போன வாரம் அதே பட்டியல் மறுபடியும் என் மின்னஞ்சலுக்கு வந்தது. ஆண்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பொத்தான் பச்சையிலிருந்து ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கிறது, அழுத்தினால் புதிய பெயரில் ஒரு தளம் திறக்கிறது. மெல்போர்ன் கோப்பை மட்டும் இன்னமும் சனிக்கிழமையில்தான் ஓடுகிறது.