பழைய பாணி டி அண்ட் டியில் மனசக்தி: நான்கு வழிகளை மேசையில் போட்டுப் பார்த்தேன்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் ஆட்டம். வாளும் மந்திரமும் இருட்டுக் குகையும் உள்ள அதில், எண்ணத்தைப் படிப்பது, பொருளை மனதால் அசைப்பது போன்ற மனசக்தியையும் சேர்க்கலாமா என்று கேட்டால், பாதிப் பேர் "அது விண்வெளிக் கதைக்கான சரக்கு" என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மூளையைத் தாக்கும் மைண்ட் ஃப்ளேயர் 1975-இலேயே, 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ' முதல் இதழிலேயே வந்துவிட்டது. 1979 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் தன்னைத் தூண்டிய கதைகளைப் பட்டியல் போட்ட, ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், மனதோடு மனம் மோதும் சண்டைகள் கொண்ட ஸ்டெர்லிங் லேனியரின் 'ஹியரோஸ் ஜர்னி'யையும் அதில் சேர்த்திருக்கிறார். ஆகவே மனசக்தி இந்த ஆட்டத்துக்கு வேற்றாள் இல்லை. அதை எந்த ரூலில் கட்டிப்போடுவது என்பதில்தான் ஐம்பது வருடமாக ஆளுக்கொரு பதில்.

நான் நடத்துவது 1981-இல் வந்த பேசிக், எக்ஸ்பர்ட் ரூல்கள். சுருக்கமாக பி/எக்ஸ். அதில் சயானிக்ஸ், அதாவது மனசக்தி ரூல்கள், என்ற பேச்சே கிடையாது. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தேன். ஆட்ட நேரத்தில் எவ்வளவை விழுங்குகிறது? மந்திரவாதியின் பிழைப்பில் கை வைக்கிறதா? பயன்படுத்துகிறவர் அதற்கு என்ன விலை கொடுக்கிறார்? மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

லாட்டரிச் சீட்டு: 1976, 1978

சயானிக்ஸ் முதலில் வந்தது 1976-இல், ஒரிஜினல் டி அண்ட் டியின் மூன்றாம் துணை நூலான 'எல்ட்ரிச் விசார்ட்ரி'யில். அதில் ஒரு நியாயம் இருந்தது. மனசக்தி வளர வளர கேரக்டர் தன் வகுப்பின் (வாள்வீரர், மந்திரவாதி, திருடர் போன்ற தொழிலின்) பலத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். மந்திரவாதி என்றால் அவருடைய மந்திரங்களில் கை வைக்கும். 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின் முதல் பின்னிணைப்பாக அதே சயானிக்ஸ் திரும்பி வந்தபோது, இந்த விட்டுக்கொடுப்பு காணாமல் போயிருந்தது.

மிச்சம் இருந்தது குலுக்கல் மட்டும். கேரக்டரின் குண எண்களில் அறிவு, ஞானம், கவர்ச்சி ஆகிய மூன்றில் ஒன்றாவது 16-ஐத் தொட வேண்டும். தொட்டால் 1 சதவீத வாய்ப்பு. 16-க்கு மேலே உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் அறிவு என்றால் இரண்டரை, ஞானம் என்றால் ஒன்றரை, கவர்ச்சி என்றால் அரை சதவீதம் கூடும். மூன்றிலும் 18 வைத்திருப்பவருக்கே மொத்தம் 10 சதவீதம்தான். அரிதாக இருப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த அரிது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பகடை வாரி வழங்கிய கேரக்டருக்கே இன்னொரு பரிசு, அதுவும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, சும்மா.

கிடைத்துவிட்டால் அடுத்த தலைவலி மனச்சண்டை. ஐந்து தாக்குதல், ஐந்து தற்காப்பு. ஈகோ விப், சைக்கிக் கிரஷ், டவர் ஆஃப் அயர்ன் வில் என்று பெயர்களைப் படித்தாலே உற்சாகம் பிறக்கும். எந்தத் தாக்குதலை எந்தத் தற்காப்பு தாங்கும் என்பதற்கு அட்டவணை. இந்த மோதல் செக்மென்ட் கணக்கில் நடக்கும், ஒரு ரவுண்டுக்குப் பத்து செக்மென்ட். அதாவது வாள்வீரர் ஒரு வெட்டு வெட்டுவதற்குள் மனசக்திக்காரரும் எதிரியும் பத்து முறை மோதி முடித்திருக்கலாம். எங்கள் மேசையில் ஒரு மைண்ட் ஃப்ளேயரோடு இப்படி ஒரு சண்டை நடந்தது. மனசக்திக்காரராக ஆடியவரும் நானும் அட்டவணையில் விரலை வைத்துக்கொண்டு எண்களைத் தேடிக்கொண்டிருந்தோம். மற்ற நான்கு பேருக்கும் செய்ய ஒன்றுமில்லை. ஒருவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். அப்போதும் சண்டை முடியவில்லை.

இருந்தாலும் இந்த வழியில் ஒரு தங்கம் புதைந்திருக்கிறது. மனசக்தியைப் பயன்படுத்தினால் அதை உண்டு வாழும் பிராணிகள் தேடி வரும். பிரெயின் மோல், தாட் ஈட்டர், இன்டலெக்ட் டிவவரர் எல்லாம் அதற்காகவே பிறந்தவை. டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் சயானிக் சந்திப்புகளுக்குத் தனி அட்டவணையே உண்டு. இருட்டில் டார்ச்சைக் கொளுத்தினால் வெளிச்சமும் கிடைக்கும், இருக்கிற இடமும் காட்டிக்கொடுக்கப்படும் அல்லவா? மனசக்தியும் அதே மாதிரி நடந்துகொள்கிறது. மற்றதை எல்லாம் தள்ளினாலும் இந்த ஒன்றை நான் விடமாட்டேன்.

தனி வகுப்பு: 1991

டி அண்ட் டியின் இரண்டாம் பதிப்புக்காக ஸ்டீவ் வின்டர் எழுதிய 'தி கம்ப்ளீட் சயானிக்ஸ் ஹேண்ட்புக்' 1991-இல் வந்தது. குலுக்கலை ஓரங்கட்டி, சயானிசிஸ்ட் என்று ஒரு முழு வகுப்பையே தந்தது. தொலைவுணர்வு, பொருளை அசைத்தல், உடலை மாற்றுதல், இடம் பெயர்தல், மனம் படித்தல், இவற்றின் மேல் நிற்கும் மெட்டாசயானிக்ஸ் என ஆறு துறைகள். ஒவ்வொரு சக்திக்கும் ஒரு எண் உண்டு. 20 முகப் பகடையில் அந்த எண்ணுக்குள் விழுந்தால் பலிக்கும். சரியாக அந்த எண்ணே விழுந்தால் கூடுதல் பலன். 20 விழுந்தால் சக்தி திரும்பி அடிக்கும். உருட்டும்போது மேசையில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். மந்திரவாதியின் மந்திரம் அப்படியே பலித்துவிடும், சயானிசிஸ்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் பகடை தேவை. இந்த வித்தியாசம் மிக நல்ல வித்தியாசம்.

குறை வேறு இடத்தில். மந்திரங்களுக்கு லெவல் என்ற படிக்கட்டு உண்டு, இந்தச் சக்திகளுக்குக் கிடையாது. சிலவற்றைப் பெற வேறு சக்தி முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்ற தடையோடு சரி. பி/எக்ஸ் மந்திரவாதி முதல் லெவலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரத்தை வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி நடக்கிறார். பக்கத்திலேயே சயானிசிஸ்ட் மனசக்திப் புள்ளிகளைச் செலவழித்து நான்கைந்து முறை வித்தை காட்டினால் அவருக்கு எப்படி இருக்கும்? புள்ளிக் கணக்கு எழுதி அழித்து எழுதி ஷீட்டே கந்தலாகிவிடும் என்பது இன்னொன்று.

இந்த வழி பொருந்துகிற உலகம் ஒன்று உண்டு. அதே 1991-இல் வந்த டார்க் சன். மந்திரம் மண்ணை உறிஞ்சிப் பாலைவனமாக்கிய ஆதாஸ் உலகில் மந்திரவாதியைக் கண்டால் ஊரே அடிக்க வரும், மனசக்தியோ வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே சயானிசிஸ்ட் இல்லாவிட்டால்தான் குறை. சாதாரணக் கோட்டை, குகை, டிராகன் உலகில் அவர் ஒரு விருந்தாளி போலவே நிற்கிறார். எந்த வகுப்புக் கேரக்டருக்கும் மனசக்தி வாய்க்கலாம் என்ற வைல்ட் டாலன்ட் பகுதியைத்தான் அந்தப் புத்தகத்திலிருந்து நான் அதிகம் நினைத்துப் பார்ப்பேன். சக்தி உண்டா என்று சோதித்துப் பார்ப்பதே ஆபத்தான வேலை என்று வைத்திருந்தார்கள்.

பெயரை மட்டும் மாற்றுவது

பி/எக்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். மனதைப் படிக்கும் ஈஎஸ்பி இரண்டாம் லெவல், தொலைவில் இருப்பதைக் காட்டும் கிளேர்வாயன்ஸ் மூன்றாம் லெவல், பொருளை அசைக்கும் டெலிகினிசிஸும் இடம் பெயர்க்கும் டெலிபோர்ட்டும் ஐந்தாம் லெவல். எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. மந்திரவாதியின் சுவடியைப் பிடுங்கிவிட்டு, "இவர் மனதால் செய்கிறார்" என்றால் வேலை முடிந்தது. ஐந்து நிமிடம் போதும், எதுவும் உடையாது. ஒரே இரவு ஓடும் ஆட்டத்துக்கு இதையே சொல்வேன். நீண்ட ஆட்டத்தில் மூன்றாவது வாரமே எல்லோரும் அவரை மந்திரவாதி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எஃபர்ட்

கெவின் கிராஃபோர்டின் 'ஸ்டார்ஸ் வித்அவுட் நம்பர்' 2010-இல் வந்த விண்வெளி ஆட்டம். ஆனால் அதன் எலும்புக்கூடு பழைய டி அண்ட் டியுடையதுதான், அதனால் பி/எக்ஸில் ஒட்டவைக்க எளிது. திருத்திய பதிப்பில் மனசக்திக்காரருக்கு எஃபர்ட் என்ற சிறிய கையிருப்பு. ஒன்று, அதோடு மனசக்தித் திறன்களில் உயர்ந்தது, அதோடு ஞானம் அல்லது உடல்வலிமையின் மாடிஃபையர். தொடக்கத்தில் இரண்டோ மூன்றோ வரும். சக்திக்கு ஏற்ப அதை அந்தக் காட்சி முடியும்வரையோ, அன்று முழுவதுமோ கட்டி வைக்க வேண்டும். கணக்கு விரல்விட்டு எண்ணி முடியும். நாங்கள் கண்ணாடிக் கோலிகளை வைத்துக்கொண்டோம், செலவானால் நடுவில் தள்ள வேண்டும்.

அப்புறம் இருக்கிறது டார்ச்சிங். கையிருப்பு தீர்ந்த பிறகும் சக்தியை இழுக்கலாம். ஆனால் மூளை கருகும், ஞானமோ உடல்வலிமையோ நிரந்தரமாகக் குறையும் அபாயம் உண்டு. என் மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொன்ன ரூல் வேறில்லை.

இதிலும் ஒரு பொருத்தக் குறை உண்டு. காட்சிக்குக் காட்சி எஃபர்ட் திரும்பி வருவது விண்கலக் கதைக்குச் சரி. பத்து நிமிட டர்ன், டார்ச், உணவு என்று எண்ணிக்கொண்டு போகும் குகைக்கு அது தாராளம். அதனால் என் மேசையில் எல்லாச் செலவும் நாள் கணக்கு.

இப்போது நான் நடத்துவது இதன் மேல் கட்டியது. சயானிசிஸ்ட் வகுப்பு இல்லை, கேரக்டர் உருவாக்கும்போது குலுக்கலும் இல்லை. சக்தி ஆட்டத்தின் நடுவில்தான் பிறக்கும். மைண்ட் ஃப்ளேயரின் தாக்குதலில் பிழைத்தவருக்கு, செத்துப் பிழைத்தவருக்கு, தொடக்கூடாத கல்லைத் தொட்டவருக்கு. பழைய பாணி ஆட்டத்தில் மாய வாளைத் தேடித்தானே எடுக்கிறோம், இதுவும் அப்படித்தான் கிடைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே ஒரு சக்தி. எஃபர்ட் ஒன்று, அதோடு ஞானம் அல்லது உடல்வலிமையின் போனஸ். மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் இதைக் கலைக்காது. பதிலுக்கு, ஈஎஸ்பி மந்திரத்துக்கு உள்ள தடையை எல்லாச் சக்திக்கும் வைத்தேன்: இரண்டடிக்கு மேற்பட்ட பாறையோ மெல்லிய ஈயத் தகடோ இருந்தால் எதுவும் ஊடுருவாது. இந்த ஒரு வரிக்குப் பிறகு என் வில்லன்கள் ஈயக் கவசத் தொப்பி போட ஆரம்பித்தார்கள், வீரர்களும் தொப்பியைப் பார்த்தே ஆளை எடைபோட ஆரம்பித்தார்கள்.

1976-இன் தங்கமும் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு முறை சக்தியைப் பயன்படுத்தும்போதும் அலையும் பிராணிகளுக்கான சோதனையை நான் கூடுதலாக ஒருமுறை உருட்டுவேன். ஆறில் ஒன்று விழுந்தால் வருவது ஓர்க் கூட்டம் இல்லை, தாட் ஈட்டர். டார்ச்சிங் என்றால் ஆறு முகப் பகடை, மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் ஞானத்தில் ஒரு புள்ளி போனது போனதுதான்.

எங்கள் ஆட்டத்தில் மூன்றாம் லெவல் திருடர் ஒருவர், பூட்டிய கதவுக்கு அப்பால் இருப்பவரின் எண்ணத்தைக் கேட்கும் சக்தி கொண்டவர். அன்றைக்கு எஃபர்ட் தீர்ந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருப்பது தங்கள் ஆளா, பொறியா என்று தெரிய வேண்டும். "அண்ணா, இது போனா திரும்ப வராதா?" என்று கேட்டார். வராது என்றேன். கொஞ்ச நேரம் பகடையைக் கைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். போட்டார், இரண்டு. ரப்பரை எடுத்து ஞானம் 13-ஐ அழித்து 12 என்று எழுதினார். பொறிதான், எல்லோரும் தப்பித்தார்கள். பி/எக்ஸில் 13 என்றால் மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோவில், அதாவது தப்பிக்கப் போடும் பகடையில், ஒன்று கூடும், 12 என்றால் கூடாது. மூன்று வாரம் கழித்து அவர்மேல் ஆளை மயக்கும் சார்ம் பெர்சன் மந்திரம் விழுந்தது. மூன்றாம் லெவல் திருடருக்குத் தேவை 15. பகடையில் விழுந்தது 14.