8கே எடிட்டிங்: என்விடியாவா, இன்டெலா, ஆப்பிளா?

புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் டைம்லைனில் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறதா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு 100 சதவீதத்தில் மூச்சுவாங்கும்; கார்டின் வீடியோ டீகோட் கோடு பூஜ்யத்தைவிட்டு எழுந்திருக்காது. பல நேரம் காரணம் இதுதான்: கேமரா 10 பிட் 4:2:2-இல் (வழக்கமான 4:2:0-ஐவிட நிறத் தகவலை அதிகம் வைத்திருக்கும் வடிவம்) பதிவு செய்திருக்கிறது, அதைப் பிரிக்க, அதாவது டீகோட் செய்ய, கார்டுக்குத் தெரியாது.

கார்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. சுருக்கிய வீடியோவைப் பிரிக்கச் சிப்பில் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. எந்த வடிவங்களுக்காக அதைச் செய்தார்களோ, அவற்றை மட்டுமே பிரிக்கும். கார்டின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்விடியாவின் அவ்வளவு பெரிய ஆர்டிஎக்ஸ் 4090-ஆல்கூட ஹெச்இவிசி (ஹெச்.265 என்ற வீடியோச் சுருக்க முறை) 4:2:2-ஐ வன்பொருளில் பிரிக்க முடியாது. 2025-இல் வந்த 50 வரிசையில்தான் என்விடியா அதைச் சேர்த்தது. இன்டெல் சிப்களின் உள் கிராஃபிக்ஸில் இருக்கும் வீடியோச் சுற்றான குவிக் சிங்க்கோ 2021-இன் 11ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களிலேயே இதைச் செய்துவந்தது. ஒன்று கவனம்: சிப்பின் பெயர் எஃப் என்று முடிந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது.

ஆப்பிள் எம் சிப்களும் ஹெச்இவிசி 4:2:2-ஐ முதலிலிருந்தே பிரிக்கின்றன. 2021-இன் எம்1 ப்ரோவிலிருந்து, ஆப்பிளின் எடிட்டிங் வடிவமான ப்ரோரெஸ்ஸுக்கும் தனிச் சுற்று வந்தது. எனக்குப் பிடித்தது மேக்கின் நினைவக அமைப்புதான். 8கே ஃப்ரேம் ஒன்றில் சுமார் 3.3 கோடி பிக்சல்கள். 10 பிட் 4:2:2-இல் பிரித்தால் ஒரு ஃப்ரேமே 8 கோடி பைட்டைத் தாண்டும்; நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் கிட்டத்தட்ட 2.5 ஜிபி. மேக்கில் பிரித்த ஃப்ரேமை ஜிபியு (கிராஃபிக்ஸ் பகுதி) அதே நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. குவிக் சிங்க் பிரித்து என்விடியா நிறம் திருத்தும் கணினியில், ஒவ்வொரு ஃப்ரேமும் பிசிஐஇ (மதர்போர்டையும் கார்டையும் இணைக்கும் பாதை) வழியே கார்டுக்குப் போயாக வேண்டும். ஒரு கிளிப்புக்கு அது பாரமே இல்லை. நாலைந்து கேமராக்களை ஒன்றாக ஓடவிட்டால் கூடிக்கொண்டே போகும்.

சரி, என்விடியா எதற்கு? படத்தின் நாய்ஸ் நீக்கம், கனமான கலர் கிரேடிங் எல்லாம் கோர்களின் வேலை. அதில் பெரிய ஆர்டிஎக்ஸ் கார்டு எங்கேயோ நிற்கிறது. ஆகவே பழைய ஆர்டிஎக்ஸ் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டாம். குவிக் சிங்க் உள்ள சிப்போடு சேர்த்தால் போதும். ப்ரோரெஸ்ஸிலேயே புழங்குபவருக்கு மேக்.

ஏவி1 என்ற வீடியோச் சுருக்க வடிவில் எக்ஸ்போர்ட் செய்ய ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ இன்டெலின் ஆர்க் கார்டோ போதும். ஆப்பிளின் எம்3, எம்4 சிப்கள் ஏவி1-ஐப் பிரிக்கும், உருவாக்காது.

எதை வாங்கும் முன்னும் உங்கள் கேமராக் கோப்பு ஒன்றை மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து, குரோமா சப்சாம்ப்ளிங் வரியில் 4:2:0 என்றிருக்கிறதா 4:2:2 என்றிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.