கவுன்ட்டரா, மெஷினா, செயலியா? எந்த வங்கி வேலைக்கு எது

வங்கி வேலைக்கு மனிதர் வேண்டுமா, இயந்திரம் போதுமா என்று பேச்செடுத்தாலே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்குக் கிளைப் பக்கம் போவதே நேர விரயம். இன்னொரு கட்சிக்கு முகம் பார்த்துப் பேசாத வங்கி வங்கியே இல்லை. இளையவர்கள் அந்தப் பக்கம், மூத்தவர்கள் இந்தப் பக்கம் என்று கோடு போட்டு விஷயத்தை முடித்துவிடுகிறோம். எனக்கு அது சரியான கோடாகப் படவில்லை. கணக்கு திடீரென்று முடக்கப்பட்டால் இருபது வயதுக்காரருக்கும் பேச ஓர் ஆள் வேண்டும். இரவு பத்து மணிக்குப் பணம் தேவைப்பட்டால் எழுபது வயதுக்காரரும் மெஷினைத்தான் தேடிப் போவார். அதனால் ஆளை வைத்துப் பிரிக்காமல் வேலையை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ரொக்கம். இதில் பெரிய போட்டி இல்லை, மெஷின்தான் முன்னால் நிற்கிறது. 1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி தன் கிளைச் சுவரில் பணம் தரும் மெஷினைத் திறந்து வைத்தது. அப்போது பிளாஸ்டிக் அட்டை கிடையாது. முன்கூட்டியே வாங்கி வைத்த தாள் வவுச்சரைச் செருக வேண்டும். அதில் துளியளவு கார்பன்-14 பூசியிருப்பார்கள், மெஷின் அந்தக் கதிரியக்கத்தை வைத்து வவுச்சரை அடையாளம் காணும். அப்புறம் ரகசிய எண். வருவது 10 பவுண்டு. அதை உருவாக்கிய ஜான் ஷெப்பர்ட்-பேரன், வங்கி மூடியபின் போய்ச் சேர்ந்து வெறுங்கையோடு திரும்பிய ஒரு நாளில்தான் இந்த யோசனை பிறந்ததாகச் சொல்லியிருக்கிறார். மெஷின் ஜெயித்ததே அந்த இடத்தில்தான். கேஷியரைவிட வேகமாக நோட்டு எண்ணுவதால் யாரும் அதை விரும்பவில்லை, கேஷியர் வீட்டுக்குப் போன பிறகும் அது நிற்கிறது.

கவுன்ட்டருக்கு இங்கே ஒரே ஒரு மேன்மை உண்டு, தவறு நடந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நோட்டு குறைந்தால் அந்த இடத்திலேயே சொல்லலாம். சாயங்காலம் கேஷியர் கணக்கை முடிக்கும்போது இருப்பு இடித்தாலும் தெரிந்துவிடும். மெஷினில் பணம் வராமலேயே கணக்கில் கழிந்துவிட்டால் கதை வேறு. வங்கியின் கணினியிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் மெஷின் நோட்டை வெளியே தள்ளும். நடுவில் நோட்டு சிக்கினாலோ இணைப்பு அறுந்தாலோ, கழித்த தொகையைத் திருப்பச் சொல்லி ஒரு தகவல் போக வேண்டும். அந்தத் தகவல் போய்ச் சேராவிட்டால் உங்கள் பணம் அந்தரத்தில் நிற்கும். மெஷின் தன் ஒவ்வொரு அசைவையும் பதிந்து வைக்கிறது, பணம் நிரப்பும்போது உள்ளே எவ்வளவு மிச்சம் என்றும் எண்ணுகிறார்கள். உபரியும் உங்கள் புகாரும் பொருந்தினால் பணம் திரும்பும். இந்தப் பொருத்தம் தானாக நடக்காத சிக்கலான நேரங்களில், உங்களுக்கு முகம் தெரியாத ஓர் ஊழியர் எங்கோ உட்கார்ந்து இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ஆள் போய்விடவில்லை, உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்கு மாறிவிட்டார்.

ஆட்குறைப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஏடிஎம் வந்தால் கேஷியர் வேலை அழிந்துவிடும் என்றார்கள், ஆனால் அமெரிக்காவில் நெடுநாள் அப்படி நடக்கவில்லை. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் பெஸ்ஸன் எடுத்துக்காட்டியபடி, நகரக் கிளை ஒன்றில் 1988இல் சராசரியாக 20 பேர் கவுன்ட்டரில் இருந்தார்கள், 2004இல் 13 பேர். ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் கிளைகளைக் கூட்டின, அதனால் மொத்த வேலை குறையவில்லை. இந்த உதாரணத்தை 'பயப்படாதீர்கள், தொழில்நுட்பம் வேலையைக் கூட்டும்' என்று சொல்கிறவர்கள் எல்லா மேடையிலும் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பாதி ஒன்று உண்டு. மாநில எல்லை தாண்டிக் கிளை திறக்க 1994இல் சட்டம் வழிவிட்டதும் கிளைகள் பெருகியதில் பங்கு கொண்டது. 2010க்குப் பிறகு அங்கே கவுன்ட்டர் ஊழியர் எண்ணிக்கை இறங்கத் தொடங்கி, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏடிஎம் வந்த பிறகும் மற்ற வேலைகளுக்குக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. கைபேசி வந்ததும் பலருக்கு அந்தக் கிளையே தேவையில்லாமல் போனது.

அடுத்தது பணம் அனுப்புவது. செயலியின் வேகத்துக்கு முன் சலானும் வரிசையும் நிற்க முடியாது, அதில் எனக்கும் வாதம் இல்லை. ஆனால் இந்த ஒப்பீட்டில் வழக்கமாக விட்டுப்போகும் ஒன்று இருக்கிறது. கவுன்ட்டரில் சலான் எழுதினால் இரண்டு பேர் அதைப் பார்க்கிறார்கள். செயலியில் ஊழியரின் வேலையை நாமே சம்பளமில்லாமல் செய்கிறோம், தவறினால் பொறுப்பும் நம்முடையது. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் பிசகினால் முன்பெல்லாம் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமலே பணம் போய்விடும். இந்த ஓட்டையை அடைக்கப் பல வருடம் ஆனது. பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் முறை பிரிட்டனின் பெரிய வங்கிகளில் 2020இல்தான் வந்தது, யூரோ நாடுகளில் 2025 அக்டோபரில்தான் கட்டாயமானது. ஒரு கேஷியர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு செய்த காரியத்தைச் செயலிக்குக் கற்றுக்கொடுக்க இத்தனை காலம்!

மோசடிக்கு வந்தால் தராசு இரண்டு பக்கமும் ஆடுகிறது. திருட்டு அட்டையைப் பிடிப்பதில் மெஷினை யாராலும் மிஞ்ச முடியாது. கோடிக்கணக்கான பரிவர்த்தனைகளுக்கு நடுவே உங்கள் வழக்கத்துக்குப் பொருந்தாத ஒன்றை அது நொடிக்குள் நிறுத்திவிடும். ஆனால் இன்றைய மோசடியில் திருடன் உங்கள் அட்டையைத் தொடுவதே இல்லை. போலீஸ் என்றோ வங்கி அதிகாரி என்றோ சொல்லி, உங்கள் கையாலேயே அனுப்ப வைக்கிறான். கடவுச்சொல் சரி, ஓடிபி சரி, கைபேசியும் உங்களுடையதுதான். மெஷின் பார்க்கும் அடையாளங்கள் பெரும்பாலும் பொருந்திவிடுகின்றன. கவுன்ட்டரில் இருப்பவருக்கோ நடுங்கும் கையும், காதிலிருந்து இறங்காத போனும், 'எதற்கு இவ்வளவு பணம்?' என்ற கேள்விக்கு ஒப்பித்த பாடமாக வரும் பதிலும் தெரியும். பிரிட்டனில் 2016இல் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, இப்படிச் சந்தேகம் வந்தால் கிளை ஊழியர் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்திவைத்துக் காவல்துறையை அழைக்கலாம். பெரிய தொகையை முதல்முறையாக ஒருவருக்கு அனுப்பும்போது கவுன்ட்டரின் மந்தமே ஒரு பாதுகாப்பு. வேகத்தைக் குறை என்று சொல்லும் பொத்தான் செயலியில் இருந்தால் நான் முதலில் அதைத்தான் அழுத்தி வைப்பேன்.

கடன் விஷயத்தில் மனிதருக்காக உருகுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. 'மேனேஜருக்கு நம்மைத் தெரியும், பார்த்துக் கொடுப்பார்' என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் இனிக்கும் ஏற்பாடு. பெயர், நிறம், உடை, பேச்சு என எதை வைத்தும் அவர் முகம் சுளிக்கலாம், காரணத்தை வெளியே சொல்லவும் வேண்டியதில்லை. எண்ணை வைத்து முடிவெடுக்கும் முறையை அமெரிக்காவில் 1989இல் வந்த ஃபைகோ என்ற கடன் மதிப்பெண் பரவலாக்கியது. அது பாகுபாட்டை ஒழித்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்க வீட்டுக்கடன் வட்டியை ஆராய்ந்தவர்கள், இணையவழி நிறுவனங்களிலும் கறுப்பின, லத்தீன் கடனாளிகள் கூடுதல் வட்டி கட்டியதைக் கண்டார்கள். சிலவகைக் கடனில் இடைவெளி குறைவு, சிலவற்றில் பழைய வங்கிகளைப் போலவே. பழைய தரவில் படித்த மெஷினிடம் பழைய புத்தியும் கொஞ்சம் வந்துவிடுகிறது.

இருந்தாலும் கடனுக்கு நான் முதலில் மெஷினிடம்தான் போவேன், ஏனென்றால் அதைத் தணிக்கை செய்யலாம். ஒரே விண்ணப்பத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஆயிரம் முறை அதற்குக் கொடுத்துப் பார்க்கலாம், மேலாளரிடம் அது நடக்காது. ஆனால் மறுப்பு என்று வந்துவிட்டால் மனிதர் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: முழுக்கத் தானியங்கியாக எடுத்த பெரிய முடிவுகளில் மனிதர் தலையிட்டுப் பார்க்கக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. அமெரிக்கச் சட்டமும் கடனை மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்கிறது, மென்பொருள் சொன்னது என்பது காரணமாகாது.

சாட்பாட், 'ஒன்றை அழுத்தவும்' தொலைபேசி, இரண்டும் என் கணக்கில் கடைசி இடம். கார்டு தொலைந்தால் நள்ளிரவில் முடக்க, இருப்புத் தெரிந்துகொள்ள, இந்த இரண்டுக்கும் பிரமாதம். அதற்கு மேல் போனால் செக்குமாட்டுச் சுற்றுதான். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, ஒரே பதிலுக்குள் வாடிக்கையாளர் மாட்டிக்கொண்டு ஆளை அடைய முடியாமல் தவிப்பதை வெளிப்படையாகவே எழுதியது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2025இல் போனில் தானாகப் பதில் சொல்லும் மென்பொருளை நம்பி 45 பேரை வேலையிலிருந்து எடுக்க முடிவு செய்தது. அழைப்புகள் குறையவில்லை, கூடுகின்றன என்று தொழிற்சங்கம் கிளப்பியதும், கணித்தது தவறு என்று ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் முடிவைத் திரும்பப் பெற்றது. வங்கிக்குப் போன் செய்கிறவர் பெரும்பாலும் செயலியில் முயன்று தோற்ற பிறகுதான் செய்கிறார். எளிய கேள்விகளை மெஷின் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது, மிஞ்சியவை கடினமானவை. அவற்றுக்குப் போய் இன்னொரு மெஷினை நிறுத்தினால் என்ன ஆகும்?

கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாரிசு கையில் இறப்புச் சான்றிதழ் இருக்கிறது, சான்றிதழில் ஒரு முதலெழுத்து, கணக்கில் வேறொன்று. ஏற்கவோ நிராகரிக்கவோ மட்டும் தெரிந்த படிவத்தில் இந்த விஷயம் நுழையாது. பழைய கையெழுத்தையும் முகவரியையும் பார்த்து 'இவர்தான், சரி' என்று ஒருவர் கையொப்பம் போட வேண்டும்.

அதைப் போடும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும் என்பதுதான் இதில் பெரிய விஷயம். இன்று பல கிளைகளில் ஆள் இருக்கிறார், ஆனால் நாம் எதைச் சொன்னாலும் திரையைப் பார்த்துவிட்டு 'சிஸ்டம் எடுக்கலையே' என்கிறார். பாவம், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் செயலி காட்டும் அதே பதிலைத்தான் அவர் திரையும் காட்டுகிறது. முடிவெடுக்கும் உரிமையை மேலே தூக்கிக்கொண்டு போனபின் கவுன்ட்டரில் ஆளை உட்கார வைத்தாலும் ஒன்றுதான், எடுத்தாலும் ஒன்றுதான். மனிதர் போனதைவிட இந்த அதிகாரம் போனது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். ஆட்குறைப்பைப் பற்றிய சண்டையில் இது கவனிக்கப்படுவதே இல்லை.

தானியங்கி முறை விழும்போது மொத்தமாக விழும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கேஷியர் லீவு போட்டால் ஒரு வரிசைதான் நீளும். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை. எல்லாம் சீராக டிசம்பர் ஆனது. கண்காணிப்பு அமைப்புகள் 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. செயலி மட்டும் உள்ள வங்கி ஒன்றில் எல்லாப் பணத்தையும் வைப்பவர் இந்தச் செய்தியை ஒரு முறை நிதானமாகப் படிப்பது நல்லது.

மனிதரும் மெஷினும் சேர்ந்த மூன்றாவது வழிகளும் உண்டு. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா என்ற சேவை, வங்கிக் கிளையே இல்லாமல் கைபேசியில் பணம் அனுப்ப வைத்தது. ஆனால் ரொக்கத்தைக் கைபேசிப் பணமாகவும் கைபேசிப் பணத்தை ரொக்கமாகவும் மாற்றித்தர நாடு முழுக்க முகவர்கள் தேவைப்பட்டார்கள். ஒரு தானியங்கி முறை கவுன்ட்டர்களைப் பெருக்கிய வேடிக்கை இது. அந்த முகவரால் உங்கள் கடன் சிக்கலைத் தீர்க்க முடியாது, ரொக்கத்துக்கு மட்டும் அவர் போதும். ஸ்பெயினில் நடந்தது வேறு மாதிரி. வலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான், தனக்கு வயதாகிவிட்டது, ஆனால் தான் முட்டாள் இல்லை என்ற முழக்கத்தோடு 6 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டினார். 2022 பிப்ரவரியில் வங்கிகள் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை கவுன்ட்டரைத் திறந்து வைக்க ஒப்புக்கொண்டன.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் கூட்டுக் கிளை. கடைசி வங்கியும் மூடிப்போன ஊரில் பல வங்கிகளுக்குப் பொதுவாக ஒரே கவுன்ட்டர், ரொக்க வேலையை அஞ்சலகம் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு வங்கியும் வாரத்தில் ஒரு நாள் தன் ஊழியரை அங்கே அனுப்புகிறது. ரொக்கம் தினமும், சிக்கல் வாரம் ஒரு நாள். வேலையின் தன்மைக்கு ஏற்ற பங்கீடாக எனக்கு இது படுகிறது. செலவும் ஒரே தலையில் விழவில்லை.

புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் செயலியின் வசதிப் பட்டியலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, அதில் எல்லா வங்கியும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பதில் அந்த வங்கியின் உதவி எண்ணுக்கு ஒரு முறை போன் போட்டு, ஆளைப் பிடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். பிடித்தவரிடம், தவறாக முடக்கிய கணக்கை நீங்களே திறந்துவிட முடியுமா, வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்வீர்களா என்று கேளுங்கள். காத்திருக்கச் சொல்லும் வங்கியில் அன்றாடச் செலவுக்கான கணக்கை மட்டும் நான் வைத்துக்கொள்வேன், சேமிப்பை அல்ல.