கிருஷ்ணகிரியில் இம்பிளான்ட் பல்: வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்காக ஒரு மதிப்புரை

பிரிட்டனில் தனியார் பல் மருத்துவரிடம் ஒரே ஒரு இம்பிளான்ட் பல் (தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகின் மேல் நிற்கும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ள, மேலே பொருத்தும் கேப்பையும் சேர்த்து, பொதுவாக 2,000 முதல் 3,000 பவுண்டு வரை ஆகிறது. அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., வாய்ப் புற்றுநோய், விபத்து போன்றவற்றால் பல்லை இழந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இம்பிளான்ட் செலவை ஏற்கிறது. மற்றவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் அல்லது பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு கட்டும் பிரிட்ஜ் என்பதோடு சரி. அமெரிக்காவில் செலவு இன்னும் கூடுதல். அதனால்தான் ஆஸ்திரிய எல்லையை ஒட்டி ஹங்கேரியில் இருக்கும் மோஷோன்மாடியாரோவாரும், அமெரிக்க எல்லையை ஒட்டி மெக்சிகோவில் இருக்கும் லாஸ் அல்கோடோனெஸும் பல் மருத்துவமனைகளாலேயே பெயர் பெற்ற ஊர்களாகிவிட்டன. துருக்கிக்கும் தாய்லாந்துக்கும் இதற்காகவே செல்பவர்கள் ஏராளம். இங்கிலாந்தின் லெஸ்டரில் வசிக்கும் என் அக்கா, இந்த ஊர்களைப் பற்றியெல்லாம் விசாரித்த பிறகு, தாம் பிறந்து வளர்ந்த மாவட்டங்களுக்கே வந்து, கிருஷ்ணகிரி நகரில் உள்ள ஒரு பல் மருத்துவமனையில் மூன்று இம்பிளான்ட் பற்களை வைத்துக்கொண்டார். ஆரம்பம் முதல் கடைசிவரை உடனிருந்தவன் என்ற முறையில் அந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்படும் விஷயங்களை எந்த ஊர் மருத்துவமனையிலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

செலவிலிருந்து தொடங்குவதே நியாயம். கொரியத் தயாரிப்பு இம்பிளான்ட்டுக்கு, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்புடன், ஒரு பல்லுக்கு 35,000 ரூபாய் என்றார்கள். அதே இடத்தில், உலோகமில்லாத பீங்கான் வகையான சிர்கோனியா கேப் வேண்டுமென்றால் 40,000 ரூபாய். ஸ்விஸ் தயாரிப்பு என்றால் ஏறத்தாழ இருமடங்கு. அக்கா கொரிய இம்பிளான்ட்டையும் சிர்கோனியா கேப்பையும் தேர்ந்தெடுத்தார். ஆக, மூன்று பற்களுக்கு 1,20,000 ரூபாய். லெஸ்டரில் இதே வேலைக்கு ஏழெட்டு லட்சம் ரூபாய்க்குச் சமமான தொகை கேட்கப்பட்டிருந்தது. இருமுறை வந்து போகும் விமானக் கட்டணம், பெங்களூரு விமான நிலையத்திலிருந்து ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரும் வாடகைக் கார், ஸ்கேன், மருந்து ஆகிய எல்லாவற்றையும் கூட்டினாலும் அதில் பாதியைத் தொடவில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டு, இங்கே வைப்பது மட்டமான பொருள் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். எலும்புக்குள் செல்லும் அந்த டைட்டானியம் திருகு இங்கும் அங்கும் பெரும்பாலும் ஒரே நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது. வாடகை, ஊழியர் சம்பளம், கேப் செய்து தரும் பல் கூடத்தின் கூலி, மருத்துவர் கட்டும் காப்பீட்டுத் தொகை ஆகியவைதான் ஊருக்கு ஊர் பெரிதும் மாறுகின்றன.

ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த மருத்துவமனையின் முதன்மையான சிறப்பு, அவர்கள் அவசரப்பட மறுத்ததுதான். அக்கா இங்கு வருவதற்கு முன் வேறொரு பெருநகரத்தில் உள்ள மருத்துவமனையிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, ஒரே பயணத்தில், ஒரே வாரத்தில் நிலையான பற்களுடன் திரும்பிவிடலாம் என்று உறுதி கூறியதோடு, பக்கத்தில் இருக்கும் நல்ல பற்களையும் எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்றும் ஆலோசனை சொன்னார்கள். எக்ஸ்ரேயைக்கூடப் பார்க்காமல் சொல்லப்பட்ட ஆலோசனை அது. கிருஷ்ணகிரி மருத்துவரோ, பொருத்தும் நாளுக்கும் கேப் போடும் நாளுக்கும் இடையே கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் வரை இடைவெளி வேண்டும் என்றும், அதற்கு ஒத்துவராவிட்டால் வேலையைத் தொடங்கவே போவதில்லை என்றும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்.

அந்த இடைவெளிக்கான காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது, ஆராய்ச்சி முடிந்த பிறகு அந்தக் கருவியைக் கழற்ற முடியாத அளவுக்கு எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருப்பதைக் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பயன்படுத்தினார். இன்றைய இம்பிளான்ட் சிகிச்சை முழுவதும், எலும்பு டைட்டானியத்தோடு சேர்ந்து வளரும் அந்த இயல்பை நம்பியே நடக்கிறது. அந்த வளர்ச்சிக்கு நாள் கொடுத்தாக வேண்டும். தாடை எலும்பு உறுதியாக இருக்கும் சிலருக்குத் திருகு வைத்த அன்றே தற்காலிகப் பல் பொருத்துவதும் முறையான சிகிச்சைதான். அவர்களுக்கும் நிரந்தரப் பல் சில மாதங்கள் கழித்தே வரும். வெளிநாட்டிலிருந்து விடுப்பு எடுத்து வருபவர்கள் விடுப்பின் நீளத்துக்கு ஏற்பச் சிகிச்சையைச் சுருக்கச் சொல்வதும், அதற்குச் சம்மதிக்கும் இடத்தையே நல்ல இடம் என்று நினைப்பதும் எனக்கு உண்மையிலேயே கவலை அளிக்கின்றன.

பரிசோதனைகளில் குறை சொல்ல இடமில்லை. அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் தள்ளிப்போடுவோம் என்று அவர் லெஸ்டரில் இருக்கும்போதே மின்னஞ்சலில் எழுதிவிட்டார்கள். எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டா, புகைபிடிப்பவரா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வந்து சேர்ந்ததும் தாடையின் முப்பரிமாண ஸ்கேனுக்கு ஓசூருக்கு அனுப்பினார்கள். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும் என்பதால், எவ்வளவு நீளத் திருகு பொருந்தும் என்பதைக் கணினித் திரையில் எங்களுக்கே அளந்து காட்டினார் மருத்துவர். மேல் வரிசையில், கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையான சைனஸ் அறைக்குக் கீழே போதுமான எலும்பு இருந்தது. இல்லாதிருந்தால் எலும்புத் தூள் வைத்து அந்த இடத்தை உயர்த்த வேண்டியிருக்கும், சில மாதங்கள் கூடுதலாகும், விமானப் பயணத்தையும் சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டும் என்றார். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே உள்ளூரில் ஒரு ஸ்கேன் எடுத்து அனுப்பினால் இந்தத் திண்டாட்டம் வராது.

சிறிய ஊர்களில் திருகு பொருத்தும் அறுவைச் சிகிச்சை நிபுணர் பெரும்பாலும் பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வந்து செல்பவராக இருப்பார். இங்கும் அப்படித்தான். இதில் தவறேதுமில்லை, அவர் ஊரில் இல்லாத நாளில் வீக்கமோ ரத்தக் கசிவோ ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அந்த மருத்துவமனையை நடத்தும் மருத்துவர் செயற்கைப் பல் பொருத்துவதில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் படித்தவர்; அறுவைக்குப் பிந்தைய பொறுப்பு முழுவதும் தம்முடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இருவருடைய பதிவு எண்களும் வரவேற்பறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. அறுவை அறையில் கருவிகளை உறையிலிருந்து எங்கள் கண்முன்னே பிரித்தார்கள். எலும்பில் துளையிடும்போது வெப்பம் 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு செத்துவிடும் என்பதால், குளிர்ந்த சலைன் நீரைப் பாய்ச்சிக்கொண்டே மெதுவாகத் துளையிட்டார் நிபுணர். மரத்துப்போகும் ஊசியின் வலியைத் தவிர வேறு வலி தெரியவில்லை என்றார் அக்கா. மறுநாள் கன்னம் வீங்கியிருந்தது, பிறகு வற்றிவிட்டது.

உணவு விஷயத்தில் எங்கள் பக்கத்து வழக்கமே கைகொடுத்தது. மெல்லக் கூடாது, சூடாகச் சாப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்டவருக்கு ஆறிய ராகிக் கூழும், தையல் பிரித்த பிறகு மெல்லாமலே விழுங்கும் ராகிக் களியும் தவிர வேறென்ன வேண்டும்.

இரண்டாம் வருகையில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது இப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இங்கே பல கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகள் அதைத் தாண்டியவை. ஜப்பானிய நிதியுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்படும்வரை அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகளின் பற்களில் பழுப்புக் கறையும் சுண்ணாம்பு வெண்மைக் கோடுகளும் இருக்கின்றன. பெண்ணாகரம் பக்கம் வளர்ந்த என் அக்காவின் பற்களும் அப்படிப்பட்டவையே. ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகும் சிறுவயதில் படிந்த நிறம் அது, துலக்கினால் போகாது. லெஸ்டரில் ஒரு மருத்துவர் இதைத் துலக்காததால் வந்த கறை என்று எண்ணிப் பேசியது அக்காவை மிகவும் புண்படுத்தியிருந்தது.

இழந்த மூன்று பற்களில் ஒன்று மேல் வரிசையில், சிரிக்கும்போது தெரியும் இடத்தில் இருந்தது. அங்கே நிறப்பட்டியலில் உள்ள ஏதோவொரு வெள்ளையைப் பொருத்தியிருந்தால் அந்தப் பல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்திருக்கும். மற்றப் பற்களையெல்லாம் அரைத்துக் கேப் போட்டு ஒரே வெள்ளையாக்குவது வேறு சில நாடுகளில் நடக்கும் வேலை. நல்ல பல்லை அரைத்தால் அது திரும்ப வராது. இங்குள்ள மருத்துவர் இந்தக் கறையை அன்றாடம் பார்ப்பவர். பக்கத்துப் பல்லை வெவ்வேறு வெளிச்சத்தில் படமெடுத்து, எந்த இடத்தில் பழுப்பு, எந்த இடத்தில் வெண்கோடு என்று வரைந்து பல் கூடத்துக்கு அனுப்பினார். முதலில் வந்த கேப் சற்று மஞ்சளாக இருந்ததால் அவரே அதை ஏற்காமல் திருப்பி அனுப்பி, மேற்பூச்சில் நிறத்தைச் சரிசெய்து வரவழைத்தார். இப்போது எது வைத்த பல் என்று அருகில் நின்று பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா பல் தெரியச் சிரிப்பதற்குத் தயங்குவதில்லை. செலவுக் கணக்குக்கு அப்பால், இந்த மண்ணின் பற்களை அறிந்த ஒருவரிடம் வந்ததன் பலன் இது. எந்த ஊரில் இருந்தாலும் நம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

குறைகளும் உண்டு. மருத்துவமனை முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது; முழங்கால் வலி உள்ள முதியவர்களுக்கு அது பெரும் சிரமம். குறித்த நேரத்துக்குச் சென்றாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் கொடுத்த மதிப்பீடு, மொத்தத் தொகை மட்டும் எழுதப்பட்ட ஒரு துண்டுச் சீட்டு. திருகு, திருகையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட், கேப், ஸ்கேன் எனத் தனித்தனியாகப் பிரித்துத் தரும்படி வற்புறுத்திய பிறகே முறையான பட்டியல் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் அக்கா அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் வரத் தாமதமானது. நான் நேரில் சென்று கேட்ட பிறகுதான் அது சீரானது. உள்ளூரில் உறவினர் இல்லாதவர்களுக்கு இந்தக் கடைசிக் குறை மற்றவற்றைவிடப் பெரிது.

ஊர் திரும்பும் முன் வாங்கிக்கொள்ள வேண்டிய ஆவணங்களை மருத்துவமனை தானாகவே ஒரு கோப்பில் போட்டுத் தந்தது பாராட்டுக்குரியது. ஒவ்வொரு திருகின் பெட்டியிலும் தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். பின்னாளில் லெஸ்டரில் கேப் தளர்ந்தால், எந்த நிறுவனத்தின் எந்த அளவுத் திருகு என்பது தெரியாமல் அங்குள்ள மருத்துவரால் அதற்குரிய திருப்புளியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. வேறொருவர் செய்த வேலையில் கைவைக்கப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள் என்பதையும் எதிர்பார்த்தே வர வேண்டும். தயாரிப்பாளர் தரும் ஆயுட்கால உத்தரவாதம் பெரும்பாலும் திருகுக்கு மட்டுமே. மீண்டும் பொருத்தும் கூலியும் பயணச் செலவும் நம்முடையவை.

ஒரே ஒரு பல் மட்டும் வைக்க வேண்டியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சமாகும் பணத்தை இரண்டு விமானப் பயணங்கள் தின்றுவிடும். திருவிழாவுக்கோ மாம்பழக் காலத்துக்கோ எப்படியும் ஊருக்கு வருபவர்களுக்கும், இரண்டு மூன்று பற்களுக்கு மேல் தேவைப்படுபவர்களுக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் தாராளமாகச் சொல்வேன். இம்பிளான்ட் பல் சொத்தையாகாது என்றாலும் அதைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழற்சியால் கரையக்கூடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்வதை லெஸ்டரிலேயே தொடர்கிறார் அக்கா. அங்கே எடுத்த எக்ஸ்ரேயைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியபோது, எலும்பின் மட்டம் எதிர்பார்த்த அளவிலேயே இருக்கிறது என்றும், கீழ்ப் பற்களுக்கு இடையே பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷை இன்னும் சற்று உள்ளே செலுத்தித் துலக்க வேண்டும் என்றும் படத்தில் அம்புக்குறி இட்டுப் பதில் அனுப்பியிருந்தார் மருத்துவர்.